வகுப்பறையில் மின்னணுக் கருவிகள்: காட்டுதலும் கற்பித்தலும்

முன்னுரை

மின்னணுக் கருவிகளையும் இணைய வசதிகளையும் வகுப்பறைக் கற்பித்தலோடு எவ்வாறு இணைப்பது என்ற வினா, நமது பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இறையியல் கூடங்களிலும் இன்று அடிக்கடி எழுப்பப்படுகிறது. நிர்வாகக் குழுக்களில் இவ்வினா பெரும்பாலும் வேறொரு வடிவில் வந்து நிற்பதைக் காண்கிறோம். எந்தத் திரையை வாங்குவது, எந்தச் செயலிக்குச் சந்தா செலுத்துவது, எத்தனை கணினிகள் வேண்டும் என்று கணக்கிடத் தொடங்கிவிடுகிறோம். இவை தேவையான வினாக்களே. எனினும் இவை இரண்டாம் நிலையில் வைக்கத்தக்கவை. கருவி வகுப்பறைக்குள் வந்தபின் அங்கே அமர்ந்திருக்கும் மாணாக்கருக்கு என்ன நேரிடுகிறது என்பதே முதல் வினாவாகும்.

இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படும் கருத்து ஒன்றே. ஒரு கருவியைக் கொண்டு ஆசிரியர் இரண்டு செயல்களைச் செய்யக்கூடும். ஒன்று, பாடத்தைக் காட்டுவது. மற்றொன்று, மாணவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் கண்டறிந்து அந்தப் படிக்குத் தாம் இறங்கிச் செல்வது. முன்னது எளியது, பார்ப்போரின் கண்ணையும் கவர்வது. பின்னது கடினமானது, பார்வையாளர் எவரும் வியந்து பாராட்டாதது. ஆயினும் பின்தங்கிய பிள்ளை கற்பது பெரும்பாலும் பின்னதனாலேயே. இக்கருத்தை முதலில் நமது நகரின் பழைய வரலாறு ஒன்றைக் கொண்டும், பின்பு தாம்பரமும் அதனை அடுத்த தென்சென்னைப் புறநகரங்களும் காட்டும் நிலைமையைக் கொண்டும், இறுதியாக அண்மைக்கால ஆய்வுகளைக் கொண்டும் ஆராய்வோம்.

1. மணலில் எழுதிய பாடம்

வகுப்பறைக்குக் கருவி புதியதன்று. பனையோலையும் எழுத்தாணியும், மணலும் விரலும், அச்சுப் புத்தகமும் கரும்பலகையும் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் புதிய தொழில்நுட்பமாக இருந்தவையே. அவற்றுள் மணலின் வரலாறு நமக்கு மிகவும் அண்மையானது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த குருவானவர் ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கென அமைந்த அநாதைச் சாலையின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் கைக்கொண்டார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அதனோடு இணைத்தார். நமது திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை ஆற்றிய பணியும் இதனை ஒத்ததே. இங்கிலாந்து திரும்பிய பெல், 1797இல் இம்முறையை விளக்கி நூலொன்றை வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்னும் பெயரால் ஐரோப்பாவெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1832இல் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே பெயர் தாங்கி நிற்கிறது.

மணல் ஏன் நற்கருவியாக அமைந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அது விலையற்றது, ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் கிட்டியது. அதில் எழுதிய பிழையைக் கையால் தடவி அழித்துவிடலாம். ஆகவே பிழை செய்ய அச்சமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பிள்ளையின் விரலும் இயங்கியது. அருகிலிருந்த மூத்த மாணவர் அவ்விரல் எங்கே தடுமாறுகிறது என்பதை உடனே கண்டார். கருவி மலிவானது, ஆனால் அது மாணவரின் நிலையை ஆசிரியருக்கு வெளிப்படுத்தியது.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. இங்கிலாந்தில் இம்முறை பரவியபோது, ஓர் ஆசிரியரைக் கொண்டு பல நூறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்ற சிக்கனமே அதன் முதன்மைக் கவர்ச்சியாயிற்று. பெரிய கூடங்களில் கட்டளைக்கு இணங்கி ஒப்பிக்கும் பயிற்சியாக அது இறுகிப்போயிற்று. 1846இல் அங்கே பயிற்சி ஆசிரியர் முறை ஏற்படுத்தப்பட்டபின் அதன் செல்வாக்குத் தேய்ந்தது. பிள்ளையை நெருங்குவதற்கு உதவிய ஏற்பாடு, செலவைக் குறைப்பதற்குரிய ஏற்பாடாக மாறியபோது தன் உயிரை இழந்தது எனலாம். ஒரே விரிவுரையைப் பதிவு செய்து பல்லாயிரவருக்கு அனுப்பும் வசதி பெற்ற நமது காலத்திற்கு இதனைவிடப் பொருத்தமான எச்சரிக்கை வேறில்லை.

2. தாம்பரமும் அதன் சூழலும்

எழும்பூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி நம்மைத் தாம்பரத்தில் சேர்க்கிறது. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கியபின் இப்பகுதி நகரோடு நெருங்கி இணைந்தது. 1837இல் பள்ளியாகத் தோன்றி, நகரின் நெருக்கமான வணிகப் பகுதியில் வளர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து பழகும் விடுதி வாழ்க்கை இவ்விடமாற்றத்தின் சிறப்பான பயன்களுள் ஒன்றாயிற்று. அடுத்த ஆண்டு, 1938 டிசம்பரில், அவ்வளாகத்திலேயே அனைத்துலக மிஷனெரி மாமன்றம் கூடியது. ஏறத்தாழ 470 பேராளர் கலந்துகொண்ட அக்கூட்டம், ஊழியர்களுக்கு அளிக்கப்படும் இறையியற் பயிற்சியின் நலிவைத் திருச்சபைப் பணியின் பெருங்குறைகளுள் ஒன்றாகச் சுட்டிக்காட்டியதை நமது வாசகர் அறிவர். கற்பித்தலின் தரம் பற்றிய வினா தாம்பரத்திற்குப் புதிதன்று.

இன்று தாம்பரத்திற்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பை நோக்கின், இந்தியாவின் மின்னணுப் பாடங்களில் கணிசமான பகுதி இங்கிருந்தே உருவாகிறது எனலாம். 1959இல் நிறுவப்பட்ட சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், ஏனைய கழகங்களோடும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோடும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் வாயிலாகப் பொறியியல், அறிவியல் விரிவுரைகளை எவரும் காணுமாறு வழங்கி வருகிறது. தமிழ் இணையப் பல்கலைக்கழகமாக 2001இல் தோன்றி, 2010இல் பெயர் மாற்றம் பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகம் காந்தி மண்டபச் சாலையில் அமைந்துள்ளது. 2019 ஆகஸ்டு 26ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் படப்பிடிப்புக் கூடம் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அமைக்கப்பட்டது. தொழில்நுட்ப ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கென 1964இல் தோன்றிய தேசிய நிறுவனம் தரமணியில் இயங்குகிறது.

இந்நிறுவனங்களிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் உள்ளன. நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டனர். நான்கு பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி, அதுவும் தந்தையோ தாயோ வேலைக்கு எடுத்துச் செல்வது என்ற நிலை இத்தகைய குடியிருப்புகளில் அரியதன்று. மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் அக்குடியிருப்புகளின் மாடிகளிலிருந்தே தெரிகின்றன. ஆகவே, பாடம் உருவாகும் இடத்திற்கும் பாடம் சென்றுசேர வேண்டிய பிள்ளைக்கும் உள்ள தொலைவை மைல் கணக்கால் அளந்துவிட இயலாது என்பதை இப்பகுதி நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது.

3. பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில் நாம் கண்டவை

மேற்கூறிய தொலைவு அனைவர்க்கும் வெளிப்படையாகத் தெரிந்த காலம் கொள்ளைநோய்க் காலமாகும். 2020 மார்ச்சில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 2021 செப்டம்பர் 1ஆம் நாளும், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் நாளும் மீண்டும் திறக்கப்பட்டன. மேல்வகுப்புகள் இடையில் சில வாரங்கள் நடைபெற்றன. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோ ஏறத்தாழ 19 மாதங்கள் வகுப்பறையைக் காணவில்லை.

கருவிகளே இல்லாத நிலையில் தமிழகம் இச்சோதனையைச் சந்தித்ததன்று. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் 50 இலட்சத்திற்கு மேற்பட்ட மாணவர் மடிக்கணினி பெற்றிருந்தனர். 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டிருந்தன. கைப்பேசியால் அவற்றைப் படித்தால் திக்‌ஷா தளத்திலுள்ள காணொலிப் பாடம் திறக்கும். கல்வித் தொலைக்காட்சியும் நாள்தோறும் வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. இவையனைத்தும் பெரும் நன்மை புரிந்தன என்பதை மறுக்க நாம் முற்படவில்லை. தொலைக்காட்சி இல்லத்தில் இருந்த பிள்ளைக்கு இணையம் இல்லாமலேயே பாடம் கிட்டியது சிறிய செய்தியன்று.

ஆயினும் இக்கருவிகளின் பொதுவான எல்லை ஒன்று உண்டு. தொலைக்காட்சியில் தோன்றும் ஆசிரியருக்கு மாணவரின் முகம் தெரியாது. பிள்ளை புரிந்துகொண்டதா, உறங்கிவிட்டதா, எழுந்து போய்விட்டதா என்பதை அவர் அறியார். பாடம் காட்டப்பட்டது, ஆனால் கற்போரின் நிலை எவருக்கும் வெளிப்படவில்லை.

தமிழகக் கிராமப்புறத்தில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளிடம் அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் நடத்திய ஆய்வு இங்கே கருத்திற் கொள்ளத்தக்கது. 2019இல் இருந்த அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடுகையில், 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மிகவும் பின்தங்கியிருந்தனர். ஆனால் பள்ளி திறந்தபின் 6 மாதங்களுக்குள் அந்த இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் மாலைநேரத் திட்டத்தால் விளைந்ததென அவர்கள் மதிப்பிட்டனர். 2021 அக்டோபரில் தொடங்கிய இத்திட்டத்தில் அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், சிறு குழுவாகப் பிள்ளைகளைக் கூட்டி ஒன்று அல்லது ஒன்றரை மணிநேரம் கற்பித்தனர். அங்கே விலையுயர்ந்த திரை எதுவும் இல்லை. பிள்ளையின் பெயரை அறிந்த ஒருவர் அருகில் அமர்ந்திருந்தார் என்பதே அதன் வலிமை.

4. எந்தக் கருவி கற்றலை வளர்த்தது?

அப்படியாயின் கருவிகள் பயனற்றவையோ என வாசகர் வினவலாம். அவ்வாறு முடிவு செய்வது அவசரமாகும். இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்குத் துணைசெய்யும்.

முதலாவது, தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் நிகழ்ந்தது. அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒன்றாக மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. கணினிகளின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்தவும் செய்தனர். ஆனால் கணக்கிலும் மொழியிலும் அவர்களுடைய தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிட்டவில்லையென 2012இல் வெளியான ஆய்வு அறிவித்தது.

இரண்டாவது, நமது தலைநகர் தில்லியில் நிகழ்ந்தது. முரளிதரன், சிங், கனிமியன் ஆகியோரின் இவ்வாய்வு 2019இல் வெளியிடப்பட்டது. 6 முதல் 9 வரையுள்ள வகுப்புகளில் பயின்ற பிள்ளைகள் பள்ளி முடிந்தபின் ஒரு மையத்திற்கு வந்து, 45 நிமிடம் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் கணினிப் பயிற்சியிலும், 45 நிமிடம் சிறு குழுவில் ஒரு துணையாசிரியரிடமும் கற்றனர். நாலரை மாதங்களில் கணக்கிலும் இந்தியிலும் அவர்கள் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். அம்மென்பொருளின் சிறப்பு அதன் படங்களிலோ வண்ணங்களிலோ இல்லை. எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை கணக்கில் நான்காம் வகுப்பு நிலையிலேயே நிற்கிறது என்பதை அது வினாக்களின் வாயிலாகக் கண்டறிந்து, நான்காம் வகுப்பிலிருந்தே பயிற்சியைத் தொடங்கியது. வழக்கமான வகுப்பிலோ, பாடம் பாடநூலின் வேகத்தில் ஓடியதால் மிகவும் பின்தங்கிய பிள்ளைகள் ஏறத்தாழ எந்த முன்னேற்றமும் பெறவில்லை என்பதையும் அவ்வாய்வு எடுத்துக்காட்டியது.

இரண்டு இடங்களிலும் கணினி இருந்தது. ஓரிடத்தில் அது பிள்ளையிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளாக இருந்தது; மற்றோரிடத்தில் பிள்ளையின் நிலையை அறியும் கருவியாக இருந்தது. வேறுபாடு இதுவே. எழும்பூரில் மணலில் எழுதிய விரலை நோக்கிய மூத்த மாணவரின் பணியும் இதுவே என்பதை நாம் நினைவுகூர்கிறோம்.

தமிழக அரசு 2022 ஜூனில் தொடக்க வகுப்புகளுக்கென நடைமுறைப்படுத்திய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் இந்நெறியைத் தழுவியதே. பிள்ளைகள் வகுப்பின் எண்ணால் அன்றி, கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் எனக் குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். மதிப்பீட்டைப் பதிவுசெய்யச் செயலி பயன்படுகிறது. கற்பிப்பதற்கோ பாடலும் அட்டைகளும் பொருள்களும் ஆசிரியரின் குரலும் பயன்படுகின்றன. கருவிக்குரிய இடமும் ஆசிரியருக்குரிய இடமும் இங்கே ஓரளவு சரியாக வகுக்கப்பட்டுள்ளன.

5. வகுப்பறையில் செய்யத்தக்கவை

இனி, மேற்கூறிய நெறியை அன்றாடப் பாடவேளையில் எவ்வாறு கைக்கொள்வது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவோம். இவை எளிய வசதிகளைக் கொண்ட பள்ளிக்கும் பொருந்துவன.

(அ) நிலையறியும் வினா. ஆறாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டும் பாடம் நடைபெறுகிறதென்று கொள்வோம். 1/2 + 1/3 எவ்வளவு என்று வினவி, 5/6, 2/5, 1/6, 2/6 என நான்கு விடைகளை ஆசிரியர் தருகிறார். 2/5 என்று விடை தரும் பிள்ளை மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டியிருக்கிறது. 1/6 என்ற பிள்ளை கூட்டலைப் பெருக்கலோடு மயக்கியிருக்கிறது. 2/6 என்ற பிள்ளை கீழெண்ணைச் சரியாகக் கண்டு, மேலெண்ணை அதற்கேற்ப மாற்ற மறந்திருக்கிறது. ஒவ்வொரு பிழையும் ஒவ்வொரு மருந்தை வேண்டுகிறது. 40 பிள்ளைகளின் விடையையும் ஒரே நிமிடத்தில் அறிய இணையக் கருவிகள் உதவுகின்றன. பிளிக்கர்ஸ் என்னும் கருவியில், பிள்ளைகள் அச்சிட்ட அட்டை ஒன்றைத் திருப்பிப் பிடித்தாலே போதும். ஆசிரியரின் ஒரே கைப்பேசி எல்லா அட்டைகளையும் படித்து, யார் எவ்விடையைத் தேர்ந்தார் எனக் காட்டிவிடும். பிள்ளைகளிடம் கைப்பேசி வேண்டியதில்லை. விடை தவறியவர் பிறர்முன் நாணவும் வேண்டியதில்லை. கைதூக்கும் நான்கு பிள்ளைகளோடு மட்டுமே பாடம் நடத்தும் பழக்கத்திலிருந்து ஆசிரியரை இது விடுவிக்கிறது.

(ஆ) குரல் பதிவு. தமிழ் வாசிப்பில் ல, ள, ழ ஒலிகளை வேறுபடுத்தத் தடுமாறும் பிள்ளைகளை நாமனைவரும் அறிவோம். வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பத்தியை வாசிக்க, ஆசிரியர் தம் கைப்பேசியில் பதிவு செய்து வைத்தால், பருவத் தொடக்கத்தில் இருந்த வாசிப்பையும் இறுதியில் உள்ள வாசிப்பையும் பிள்ளையே கேட்டு ஒப்பிடலாம். தன் முன்னேற்றத்தைத் தன் செவியால் கேட்பதைவிடச் சிறந்த ஊக்கம் வேறில்லை.

(இ) நிலப்படம். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட ‘புவன்’ தளத்தில் நமது ஊரின் செயற்கைக்கோள் படத்தைக் காணலாம். தாம்பரம் பகுதி மாணவர் அடையாற்றின் போக்கை அதில் தொடர்ந்து சென்று, முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் கண்டு, செம்பரம்பாக்கத்திலிருந்து வரும் நீர் திருநீர்மலை அருகே ஆற்றோடு கலப்பதைக் குறிக்கலாம். கூகுள் எர்த் வைத்துள்ள பழைய ஆண்டுகளின் படங்களோடு ஒப்பிட்டு, ஏரிகளைச் சுற்றிய கட்டடங்கள் எவ்வாறு பெருகின என்பதையும் அறியலாம். 2015 டிசம்பர் வெள்ளம் எவ்வீதிகளில் எவ்வளவு உயரம் நின்றதென்று பெற்றோரிடம் கேட்டு எழுதிவரச் செய்யின், புவியியல் பாடம் வாழ்வோடு இணைந்துவிடும். திரை இங்கே தொடக்கமே. பாடம் தெருவில் நிறைவுறுகிறது.

(ஈ) முன்கூட்டிய விரிவுரை. மேல்வகுப்புகளில் விரிவுரையைப் பதிவாக முன்னரே தந்துவிட்டு, பாடவேளையைக் கலந்துரையாடலுக்கும் ஐயம் அகற்றுதலுக்கும் ஒதுக்கலாம். என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கல்லூரிகள் இவ்வாறு பயன்படுத்த இடமுண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ தளத்தின் வாயிலாகப் பயில இசைவளிக்கின்றன. எனினும் அத்திட்டமே கல்லூரிகளில் வழிகாட்டும் ஆசிரியர்களை நியமிப்பதும், சான்றிதழுக்கான தேர்வைக் கண்காணிப்புள்ள மையங்களில் நேரில் நடத்துவதும் நாம் கவனிக்கத்தக்கவை. முற்றிலும் தொலைவிலிருந்தே கற்பித்தல் போதாது என்பதை இணையப் பாடங்களை நடத்துவோரே அறிந்துள்ளனர்.

(உ) இறையியல் வகுப்பு. ஒரு கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வரும் இடங்களையெல்லாம் முற்காலத்தில் சொல்லடைவு நூல்களைப் புரட்டி மணிக்கணக்கில் தொகுத்தோம். இன்று கணினி அதனை நொடியில் தருகிறது. மிஞ்சிய நேரத்தை எதற்குச் செலவிடுகிறோம் என்பதே வினா. அவ்விடங்களின் சூழலை ஒப்பிட்டு, தமிழ் மொழிபெயர்ப்புகள் அச்சொல்லை எங்கெங்கே எவ்வாறு ஆண்டுள்ளன என விவாதிக்கச் செலவிட்டால் கருவி நமக்கு ஊழியம் செய்ததாகும். பட்டியலையே ஆய்வென ஏற்றுக்கொண்டால் நாம் கருவிக்கு ஊழியம் செய்தவராவோம்.

6. சில எச்சரிக்கைகள்

முதலாவது, ஆசிரியரின் நேரம். வருகைப் பதிவு, மதிப்பீடு, பயிற்சி, புள்ளிவிவரம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி வருமானால், பதிவேற்றும் வேலையே கற்பிக்கும் வேலையை விழுங்கிவிடும். ஆசிரியர் அமைப்புகள் இக்குறையைப் பலமுறை எடுத்துரைத்துள்ளன. 2024இல் தமிழக அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80,000 கைக்கணினிகளை வழங்கியது. அவை ஆசிரியரைப் பிள்ளையிடம் நெருங்கச் செய்கின்றனவா, அலுவலகத்தோடு பிணைக்கின்றனவா என்பதைக் கொண்டே அவற்றின் பயனை அளவிட வேண்டும்.

இரண்டாவது, மின்சாரமும் வெள்ளமும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்புறநகர்ப் பகுதிகள் பல நாள்கள் மின்சாரமின்றி நீரில் நின்றன. மின்சாரம் இல்லாத நாளில் நடத்த இயலாத பாடத்திட்டம் இப்பகுதிக்கு ஏற்றதன்று. பாடத்தின் சாரம் தாளிலும் இருக்க வேண்டும். கருவிகள் தரைத்தளத்தில் இருத்தல் ஆகாது.

மூன்றாவது, பிள்ளைகளைப் பற்றிய தகவல். 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு தேவையென வகுத்துள்ளது. இலவசமாகக் கிட்டும் செயலியில் பிள்ளைகளின் பெயர், படம், குரல், மதிப்பெண் ஆகியவற்றைப் பதிவு செய்யுமுன், அவை யாரிடம் சென்று சேர்கின்றன என வினவுவது பள்ளியின் கடமை. மேற்கூறிய குரல் பதிவுக்கும் இது பொருந்தும்.

நான்காவது, தானே எழுதும் இயந்திரம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கட்டுரையையும் விளக்கவுரையையும் பிரசங்கக் குறிப்பையும் கணினியே எழுதித் தரும் நிலை ஏற்பட்டுவிட்டது. இல்லாத நூலை இருப்பதாகவும், சொல்லாத கருத்தைச் சொன்னதாகவும் அது தெளிவான நடையில் எழுதிவிடக்கூடும். தடை விதிப்பதால் மட்டும் இதனை எதிர்கொள்ள இயலாது. வீட்டில் எழுதிவந்த கட்டுரையைப் பற்றி ஐந்து நிமிடம் நேரில் வினவுதல், முதல் வரைவையும் திருத்திய வரைவையும் சேர்த்துக் கேட்டல், இயந்திரம் தந்த விடையிலுள்ள பிழைகளைக் கண்டறிவதையே பயிற்சியாக அளித்தல் ஆகியவை பயன்தரும். இங்கும் நாம் தேடுவது மாணவரின் நிலையையே. அழகிய கட்டுரை ஒன்று அதனை மறைத்துவிடுமாயின், கட்டுரை தன் பணியைச் செய்யவில்லை.

முடிவுரை

ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைகளின்பேரில் இயங்குகிறது என்னும் வினாவையே தன் தலைப்பாகக் கொண்டது. அவ்வினாவை நமது நிர்வாகக் குழுக்களும் எழுப்புதல் நன்று. புதிய கருவி ஒன்றை வாங்க முற்படுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண்போமாக. இக்கருவி எந்தப் பாடத்தில், எந்தக் கடினத்தைத் தீர்க்க வருகிறது? இதனால் ஆசிரியர் தம் பிள்ளைகளைப் பற்றி இதுவரை அறியாத எதனை அறிவார்? வீட்டில் கைப்பேசி இல்லாத பிள்ளை இப்பாடத்தில் எங்கே நிற்கும்? மூன்றாம் கேள்விக்கு விடையில்லையெனில், அக்கருவி எவ்வளவு சிறந்ததாயினும் பள்ளிக்கு உரியதன்று.

பள்ளிகளும் கல்லூரிகளும் இத்தென்புறநகரில் இன்னும் பெருகும், திரைகளும் பெருகும். அவற்றை நாம் அஞ்சவேண்டியதில்லை. வியந்து நிற்கவும் வேண்டியதில்லை. கடைசி வரிசையில் வாய்திறவாமல் அமர்ந்திருக்கும் பிள்ளையின் ஐயம் ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிய வந்ததா என்பதே நம் அளவுகோல். அப்பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கிக் கொடுப்பது ஆசிரியரின் பணி. அவ்விடம் எதுவெனக் காட்டித் தருவதே கருவியின் பணி.